புஸையாவில் கட்டிய போலீஸ் ஸ்டேஷன்

1927 செப்டம்பரில் ஈராக்கின் தெற்குப் பாலைவனத்தில், புஸையா என்ற கிணற்றடியில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்ட ஆரம்பித்தார்கள். பெரிய கோட்டை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கொத்தனார்கள் கொஞ்சம் பேர், கூலியாட்கள், காவலுக்குச் சில போலீஸ்காரர்கள், அவ்வளவுதான். நவம்பர் 5-ஆம் தேதி இரவு முதைர் குலத்து ஆட்கள் ஒட்டகத்தில் வந்து இறங்கினார்கள். விடிவதற்குள் அங்கிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் பிணம். அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு மேலாக லண்டன், பாக்தாத், ஜித்தா, புஷைர், டெல்லி என்று தந்திகள் பறந்தன, விமானங்கள் குண்டு போட்டன, நடு அரேபியாவில் நஜ்துக்குள் ஒரு உள்நாட்டுப் போரே நடந்து முடிந்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். சட்டம் ஒழுங்கு தெரியாத பாலைவனக் கொள்ளைக்காரர்களை நாகரிக அரசாங்கம் அடக்கியது என்பது ஒன்று. தலையில் துணி கட்டிக்கொண்டு ஒட்டகம் ஏறிய ஒரு வெள்ளைக்காரத் துரை பதுவின்கள் என்ற பாலைவன நாடோடிகளின் மனத்தை வென்றார் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் ருசி இல்லை. அடித்தவர்களின் ராஜா, நஜ்தை ஆண்ட இப்னு சவூத், 1917-லிருந்து 1924 வரை மாதம் 5,000 பவுன் பிரிட்டிஷ் பணம் வாங்கியவர். அடிபட்டவர்களின் ராஜா பைசல், பிரிட்டிஷ்காரர்களே கொண்டுவந்து பாக்தாதில் உட்காரவைத்தவர். நடுவில் ஓடியாடிய அதிகாரிகள் எல்லாரும் ஒரே மகாராஜாவின் உப்பைத் தின்றவர்கள், ஆனால் ஆளுக்கொரு ராஜாவுக்கு வக்கீலாக நின்று ஒருவரோடொருவர் மல்லுக்கட்டினார்கள். எல்லைக் கொள்ளை இத்தனை வருடம் இழுத்ததில் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

முதலில் கொள்ளை என்கிறார்களே, அது என்ன என்று பார்ப்போம். அரபியில் கஸு. பதுவின் சமூகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு பொருளாதார ஏற்பாடு. ஒட்டகத்தில் பல நாள் பயணம், குதிரையைக் கூடவே நடத்திக்கொண்டு போவது, கடைசி ஓட்டத்துக்குக் குதிரைக்கு மாறி, விடியற்காலையில் எதிர்க் குலத்தின் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவது. அதற்கு முறை உண்டு. பெண்களைத் தொடக்கூடாது, சரணடைந்தவனைக் கொல்லக்கூடாது. நோக்கம் ஒட்டகம், ஆள் இல்லை. இன்று போனது அடுத்த வருடம் திரும்பி வரலாம். ஒட்டகம் வளர்க்கும் பெரிய குலங்கள், ஆடு வளர்க்கும் சின்னக் குலங்களிடமிருந்து குவ்வா என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு அவர்கள்மேல் கை வைக்காமலும், மற்றவர்கள் கை வைக்காமலும் பார்த்துக்கொண்டன. நம் ஊர்ப் பக்கத்துக் காவல் கூலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நல்ல பழக்கம் என்று நான் சொல்லவில்லை. மந்தையை இழந்த குடும்பம் அந்த வருடம் பட்டினிதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

இதை உடைத்தது இக்வான், அதாவது சகோதரர்கள், என்ற மத இயக்கம். 1912 வாக்கில் முதைர் குலத்தார் அல்-அர்தாவியா கிணற்றைச் சுற்றிக் குடியேறினார்கள். ஒட்டகத்தை விற்றுவிட்டு, மண் வீடு கட்டி, கண்டிப்பான வஹ்ஹாபி மதகுருக்களிடம் பாடம் கேட்டு, பழைய பதுவின் வாழ்க்கையே அறியாமைக் காலம் என்று தலைமுழுகியவர்கள். தலையில் கறுப்புக் கயிற்றை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி சுற்றினார்கள். முதைருக்குத் தலைவர் பைசல் அல்-துவைஷ். உதைபா குலத்துக்கு அல்-கத்கத் ஊரில் சுல்தான் பின் பிஜாத். இவர்கள்தான் இப்னு சவூதின் படைபலம், இவர்களை வைத்துத்தான் அவர் வடக்கே ஷம்மர் குலத்தாரின் ஹாயிலைப் பிடித்தார், அப்புறம் மெக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸையே பிடித்தார். இவர்களுக்குக் கொள்ளை என்பது ஒட்டகக் கணக்கு இல்லை, புனிதப் போர். எதிரில் இருப்பவன் வழிதவறியவன், அவனைக் கொல்லுவது கடமை. தெற்கு ஈராக்கின் ஆட்டிடையர்களோ பெரும்பாலும் ஷியாக்கள், ஆகவே இரட்டைப் பாவிகள்.

அந்த இடையர்களை நினைத்துப் பாருங்கள். யூப்ரடிஸ் நதிக்கரையில் கோடையைக் கழித்துவிட்டு, மழை விழுந்ததும் கழுதைமேல் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு தென்மேற்கே பாலைவனத்துக்குள் ஆட்டை ஓட்டிப் போவார்கள், வசந்தம் முடிந்து திரும்புவார்கள். ஆடு ஒட்டகம் இல்லை. அது வேகமாக ஓடாது, அடிக்கடி தண்ணீர் வேண்டும். எங்கே கிணறு இருக்கிறதோ அங்கேதான் இவர்கள் இருப்பார்கள் என்பது வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும். இக்வான் வந்து போன இடத்தில் ஆண்பிள்ளை ஒருவன் உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம்.

சரி, எல்லை என்று ஒன்று எப்போது வந்தது? 1922 டிசம்பர் 2. இடம் வளைகுடாக் கரையில் உகைர். ஈராக்கின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் பெர்சி காக்ஸ் ஒரு பக்கம், இப்னு சவூத் ஒரு பக்கம், ஈராக் சார்பில் சபீஹ் பேக், குவைத்துக்காகப் பேசவேண்டிய பிரிட்டிஷ் ஏஜென்ட் மேஜர் மோர். கூடாரத்தில் இருந்த இன்னொரு அதிகாரி ஹரால்ட் டிக்ஸன் பின்னாளில் எழுதியிருப்பது இது: நாள் கணக்காக இழுத்த பேச்சு ஒன்றும் நகராமல், காக்ஸ் பொறுமை இழந்து இப்னு சவூதைப் பள்ளிக்கூடப் பையனைப்போல் கடிந்துகொண்டு, சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் தானே கோடு போட்டார். ஈராக்குக்கு இப்னு சவூத் கேட்ட நிலத்தில் நிறையப் போயிற்று. அதற்கு ஈடாகக் குவைத்தின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்னு சவூதுக்குப் போயிற்று. குவைத் ஷேக்கைக் கேட்கவே இல்லை, மேஜர் மோரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகாத இரண்டு துண்டுகளை, இரண்டு பக்கத்து மேய்ச்சல்காரர்களுக்கும் பொதுவாக, 'நடுநிலைப் பகுதி' என்று விட்டுவிட்டார்கள்.

இப்னு சவூத் அதற்கு முன்னால் சொன்ன யோசனை வேறு. நிலத்தில் கோடு வேண்டாம், எந்தக் குலம் யாருக்குக் கட்டுப்பட்டது என்று பிரித்துக்கொள்வோம், அந்தக் குலத்தின் கிணறும் மேய்ச்சலும் அவரவர் ராஜ்ஜியம். அவருக்குச் சாதகமான யோசனைதான், சந்தேகமில்லை, எந்தக் குலம் எங்கே மேய்கிறது என்பதை அவரே தீர்மானிக்கலாம் அல்லவா. ஆனாலும் பாலைவனம் நடந்துகொள்ளும் விதத்துக்கு அது பொருந்தியது. காக்ஸின் கோடு பொருந்தவில்லை. மேய்ச்சலுக்கு எப்போதும்போல் வடக்கே போனவன் ஒருநாள் காலையில் அந்நிய நாட்டுக்குள் அத்துமீறியவன் ஆகிவிட்டான்.

உகைர் ஒப்பந்தத்தில் மூன்றாவது ஷரத்து ஒன்று உண்டு, பிற்பாடு எல்லாரும் அதில்தான் வந்து விழுந்தார்கள். எல்லைக்கு அருகிலுள்ள நீர்நிலைகளிலும் கிணறுகளிலும் கோட்டை கட்டுவது போன்ற ராணுவக் காரியம் எதையும் இரண்டு அரசாங்கமும் செய்யக்கூடாது, படைகளையும் அங்கே குவிக்கக்கூடாது என்பது அதன் சாரம். அருகில் என்றால் எத்தனை மைல்? யாரும் எழுதவில்லை. புஸையா எல்லையிலிருந்து எழுபது மைலுக்கும் மேல் தள்ளி இருக்கிறது, அது போலீஸ் ஸ்டேஷன்தான், ராணுவம் இல்லை என்றது ஈராக் தரப்பு. கிணற்றில் துப்பாக்கியோடு ஆளை உட்காரவைத்தால் அது கோட்டைதான், பாலைவனத்தில் எழுபது மைல் ஒரு தூரமா என்றது நஜ்து தரப்பு. கிணற்றைப் பிடித்தவன்தான் சுற்றியுள்ள நாடு முழுவதையும் பிடித்தவன். எனக்கு என்னவோ இந்த விஷயத்தில் இப்னு சவூதின் வாதம் தேவலாம் என்றுதான் படுகிறது. ஆனால் மூன்று வருடமாகப் பிணம் எண்ணிக்கொண்டிருந்த ஒரு ஈராக் இடையனிடம் போய் மூன்றாவது ஷரத்தைப் படித்துக்காட்ட முடியாது.

அதற்காக ஈராக் பக்கம் எல்லாரும் ஆட்டுக்குட்டிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 1921-இல் ஹாயில் விழுந்ததும் ஷம்மர் குலத்தார் பலர் ஈராக்குக்குத் தப்பி ஓடிவந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, அங்கிருந்து நஜ்துக்குள் புகுந்து அடித்துவிட்டு மறுபடி ஈராக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை ஒப்படை என்று இப்னு சவூத் கேட்டார். அடைக்கலம் என்று வந்தவனைக் காட்டிக்கொடுப்பது அரபு முறையில் பெரிய இழிவு, மாட்டோம் என்றது பாக்தாத். 1925 நவம்பரில் பிரிட்டிஷ் தூதராக சர் கில்பர்ட் கிளேட்டன் வந்து ஈராக் எல்லைக்கு பஹ்ரா ஒப்பந்தம், டிரான்ஸ்ஜோர்டான் (இன்றைய ஜோர்டான்) எல்லைக்கு ஹத்தா ஒப்பந்தம் என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு கையெழுத்து வாங்கினார். கொள்ளைப் புகாரை விசாரிக்கத் தனி நீதிமன்றம், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

பிரிட்டிஷ்காரர்களிடம் ஆயுதமாக இருந்தது விமானம். 1921 கெய்ரோ மாநாட்டில் சர்ச்சில் செலவைக் குறைக்க வழி தேடியபோது, தரைப்படைக்குப் பதில் விமானப்படையை வைத்து ஈராக்கை ஆளலாம் என்று முடிவாயிற்று. 1922 அக்டோபரிலிருந்து ஈராக்கின் பாதுகாப்பே ராயல் ஏர் ஃபோர்ஸின் கையில். வரி கட்டாத கிராமத்துக்கு இது உதவும், கிராமம் ஓடிவிடாது. சமாவா பக்கத்தில் பனீ ஹுஜைம் குலத்தாரை 1923-இல் அப்படித்தான் பணியவைத்தார்கள். முன்கூட்டியே அங்கே போய்க் காப்பி குடித்து, ஊர்களை வரைபடத்தில் குறித்துக்கொடுத்த இளம் அதிகாரியின் பெயர் ஜான் க்ளப். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தில் விமானம் வேறு கதை. கொள்ளை நடந்த சேதியை ஒருவன் ஒட்டகத்தில் யூப்ரடிஸ் கரையில் இருக்கும் நாசிரியாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கொள்ளையடித்தவன் எல்லை தாண்டிவிடுவான். கிளம்பிப் போனாலும் மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கறுப்புக் கூடாரம் எல்லாம் ஒன்றுதான். ஓட்டிக்கொண்டு போகும் ஒட்டகம் திருட்டு ஒட்டகமா சொந்த ஒட்டகமா என்று எப்படித் தெரியும்? காப்பாற்ற வந்த விமானமே தங்களை அடிக்கும் என்ற பயம் இடையர்களுக்கும் இருந்தது. புஸையாவுக்குப் பழிவாங்க 1928 தொடக்கத்தில் நஜ்துக்குள்ளேயே போய் இவர்கள் குண்டு போட்டபோது, எல்லையை ஒட்டிய பகுதியைக் காலி பண்ணச் சொல்லி முதலில் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அங்கே இருந்திருப்பார்கள் என்று யோசித்த அதிகாரி ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா என்ன!

குண்டு போட்டதன் பலன் நேர்மாறாக இருந்தது. துவைஷுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்த குலங்கள்கூட அவர் பக்கம் சாய்ந்தன. 1928 ஜனவரியில் குவைத் எல்லையில் பெரிய கொள்ளை. குவைத்காரர்கள் காரில் துரத்திப்போய் ரிகாய் என்ற இடத்தில் மோதினார்கள், அதில் ஷேக் அலி அல்-ஸாலிம் இறந்தார். இன்று அமெரிக்கர்கள் பயன்படுத்தும் அலி அல்-ஸாலிம் விமானத்தளத்துக்கு அவர் பெயர்தான். நான் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த ஸால்மி ரோட்டில் கம்பெனி வண்டியில் போயிருக்கிறேன். கூட வந்தவர்கள் யாருக்கும் அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது, எனக்கும்தான் அப்போது தெரியாது.

இனி அதிகாரிகளின் உள்சண்டைக்கு வருகிறேன். ஈராக்கும் டிரான்ஸ்ஜோர்டானும் லண்டனில் காலனி இலாகாவின் கீழ். ஜித்தாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் வெளியுறவு இலாகாவின் கீழ். குவைத் ஏஜென்ட்டும், பாரசீகக் கரையில் புஷைரில் இருந்த ரெசிடென்ட் என்ற அவருடைய மேலதிகாரியும் இந்திய அரசாங்கத்தின் அரசியல் பிரிவைச் சேர்ந்தவர்கள். அதாவது இந்த ஒரே பாலைவனத்துக்கு மூன்று எஜமானர்கள். பாக்தாதில் 1923 முதல் ஹை கமிஷனராக இருந்த ஹென்றி டாப்ஸ் பலூசிஸ்தானில் பழகிவந்தவர். குலத் தலைவனுக்கு மரியாதையும் பணமும் கொடுத்து அவன் மூலமாக ஆளுவது என்ற இந்திய எல்லைப்புற வழக்கத்தை, சட்டம் முதற்கொண்டு, ஈராக்குக்குக் கொண்டுவந்தவர். ஜித்தாவில் இருந்தவர்களுக்கு இப்னு சவூத் கவிழ்ந்தால் அரேபியாவே சிதறிவிடும் என்ற கவலை. தென் பாலைவனத்தில் க்ளப்புக்கு இப்னு சவூதே இரட்டை வேடம் போடுகிறார், அவர்தான் பின்னாலிருந்து ஏவுகிறார் என்ற உறுதி. குவைத்தில் டிக்ஸனுக்கு முதைர் குலத்தாரின் மேலேயே ஒரு பிரியம்.

இவர்களில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. இப்னு சவூதின் நிலையைப் பாருங்கள். ஹிஜாஸைப் பிடித்தபின் இக்வானுக்கு எதிரியாக மிஞ்சியது வடக்கே பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த நாடுகள்தான். அங்கே கை வைத்தால் ராஜ்ஜியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். 1927 மே மாதம்தான் ஜித்தா உடன்படிக்கையில் அவருடைய முழு சுதந்திரத்தை பிரிட்டன் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் நேற்றுவரை புனிதப் போர் என்று சொல்லி வளர்த்தவர்களிடம் இன்று வேண்டாம் என்றால் கேட்பார்களா? கார், டெலிபோன், தந்தி எல்லாம் சைத்தானின் வேலை, மகனை லண்டனுக்கு அனுப்பினாய், வெள்ளைக்காரனோடு உறவாடுகிறாய் என்று ஏற்கெனவே குற்றப் பட்டியல். அந்த நேரத்தில் புஸையா. போஸ்ட்டை இடித்துக்கொடுங்கள், நான் என் ஆட்களை அடக்குகிறேன் என்றார். 1928-இல் கிளேட்டன் இரண்டு தடவை ஜித்தாவுக்குப் போய்ப் பேசினார். ஈராக் இறங்கவில்லை. க்ளப்பும் பாக்தாதும் சொன்னது, இடித்தால் கொலைக்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகும் என்று. அதுவும் சரிதான். இரண்டு பக்கமும் சரியாக இருந்துகொண்டே கிணற்றடியில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

க்ளப் என்ன செய்தார் என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் நடைமுறையில் பலன் கொடுத்தது அதுதான். 1897-இல் பிறந்தவர், முதல் உலகப் போரில் தாடையில் குண்டடி, அதனால் அரபுகள் வைத்த பெயர் அபூ ஹுனைக், தாடைக்காரர். 1926-இல் ராணுவ வேலையை விட்டுவிட்டு ஈராக் அரசாங்கத்தின் சம்பளத்துக்கு வந்தார். விமானத்தை மட்டும் நம்பினால் காரியம் ஆகாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. பதுவின்களையே வேலைக்கு எடுத்தார், ஃபோர்ட் வண்டிகளில் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றினார், வயர்லெஸ் வைத்தார், சிதறிக்கிடந்த இடையர்களை ஓடாமல் ஒன்றாக நில்லுங்கள் என்றார். ஒட்டகக்காரன் வருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்ற நிலை வந்ததும் கொள்ளையின் அடிப்படையே ஆடிப்போயிற்று. திடீரென்று வந்து விழுவதுதானே அதன் பலம்.

நஜ்துக்குள் நிலைமை வேறுவிதமாக முற்றியது. 1929 தொடக்கத்தில் பின் பிஜாதின் ஆட்கள் நஜ்தைச் சேர்ந்த வியாபாரிகளையே கொன்றார்கள், அதோடு ஊர்ப்பட்டணத்து மக்கள் இப்னு சவூத் பின்னால் திரண்டார்கள். மார்ச் கடைசியில் சபில்லா என்ற இடத்தில் போர். இக்வான் பழைய பாணியில் பாய்ந்தார்கள், எதிரில் இயந்திரத் துப்பாக்கிகள். துவைஷ் காயத்தோடு தப்பினார். காயம் ஆறியதும் அஜ்மான் குலத்தாரோடு சேர்ந்து மறுபடி கிளம்பினார். அவருடைய மகன் அந்தக் கோடையில் ஒரு கொள்ளைப் பயணத்தில் தண்ணீர் கிடைக்காமல் பாலைவனத்தில் செத்தான்.

இப்போது நடந்த வேடிக்கையைப் பாருங்கள். எந்த போலீஸ் போஸ்ட்டும் விமானமும் கூடாது என்று இப்னு சவூத் இரண்டு வருடம் கத்தினாரோ, அவையே இப்போது அவருக்கு வேலை செய்தன. கலகக்காரர்கள் தெற்கே இப்னு சவூதுக்கும் வடக்கே பிரிட்டிஷ் வண்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஈராக்குக்குள் நுழைந்தால் க்ளப்பின் கார்கள், குவைத் பக்கம் வந்தால் விமானம். துப்பாக்கியும் தோட்டாவும் இந்திய அரசாங்கத்திடமிருந்து இப்னு சவூதுக்குப் போயிற்று. இக்வானைக் குண்டு போட்டு விரட்டிய அதே பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியம், இக்வானை வளர்த்தவருக்கு ஆயுதம் கொடுத்து இக்வானை முடித்தது.

டிக்ஸன் 1929-இல் குவைத் ஏஜென்ட் ஆனார். துவைஷ் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: நாங்கள் தெற்கே போய் இப்னு சவூதோடு சண்டை போடுகிறோம், குவைத் எல்லையில் விட்டுப்போகும் எங்கள் பெண்டு பிள்ளைகளை உங்கள் விமானம் அடிக்காது என்று வாக்குக் கொடுங்கள். டிக்ஸனுக்கு வாக்குக் கொடுக்க அதிகாரம் இல்லை. 1930 ஜனவரியில் துவைஷும் கூட இருந்த தலைவர்களும் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள். வீட்டுப் பெண்களை டிக்ஸனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் துவைஷ் போனார். ரெசிடென்ட் பிஸ்கோ, விமானப்படைத் தளபதி பர்னெட், டிக்ஸன் மூவரும் இப்னு சவூதின் முகாமுக்குப் போய்ப் பேரம் பேசினார்கள். உயிரை எடுப்பதில்லை என்ற வாக்கின்பேரில் மாத முடிவில் கைதிகளை விமானத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்டது என்றே சொல்லலாம், யாரும் அவர் தலையை வெட்டவில்லை. 1931-இல் ரியாத் சிறையில் துவைஷ் செத்தார். அடைக்கலம் வந்தவனைக் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று ஷம்மருக்காக அத்தனை வாதாடிய தரப்பு, துவைஷ் வந்தபோது அந்த முறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த முழுக் கதையில் எனக்குக் கசப்பது இந்த இடம்தான். துவைஷ் நல்லவர் இல்லை, அவர் கையில் இடையர் ரத்தம் நிறைய. ஆனாலும்.

அடுத்த மாதமே, பிப்ரவரியில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் லூப்பினில், வளைகுடாத் தண்ணீரில் மிதந்தபடி, ஈராக் ராஜா பைசலும் இப்னு சவூதும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஹிஜாஸை விட்டு விரட்டப்பட்ட ஹாஷிமி வம்சத்துக்காரர் ஒருவர், விரட்டியவர் இன்னொருவர். கரையில் சந்தித்தால் யார் யாரிடம் போனது என்ற கேள்வி வரும், அதனால் கடலில்.

க்ளப்பை 1930 கடைசியில் டிரான்ஸ்ஜோர்டானுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹுவைதாத் குலத்தாரை நஜ்துக்காரர்கள் கொள்ளையடித்து ஓட்டாண்டி ஆக்கியிருந்தார்கள். இவர்கள் பழிக்குப் பழி போனால் அரசாங்கமே இவர்களைத் தண்டித்தது. க்ளப் போய்க் கூடாரத்தில் உட்கார்ந்தார், அவர்களில் சிலருக்கு வேலையும் சம்பளமும் கொடுத்தார். நீளக் காக்கி அங்கி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி என்று ஒரு உடுப்பு, முதவ்வராவில், பாயிரில் எல்லாம் சின்னச் சின்னப் போஸ்ட். 1932-க்குள் கொள்ளை நின்றுபோயிற்று. ஜோர்டானில் வாதி ரம்முக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்த உடுப்பை இன்றும் பார்க்கலாம். பெரும் சாதனை என்று எழுதுவார்கள். எனக்குப் பாதி ஒப்புதல்தான். அந்த வருடங்களில் கார் வந்து ஒட்டகத்தின் விலை விழுந்துவிட்டது, மழையும் இல்லை, நஜ்து பக்கம் இப்னு சவூத் தன் ஆட்களை இறுக்கிப் பிடித்துவிட்டார். கொள்ளையடிக்க மந்தையும் இல்லை, போக வழியும் இல்லை என்ற நேரத்தில் மாதச் சம்பளம் என்று ஒருவன் நீட்டினால் வாங்காமல் என்ன செய்வார்கள்? க்ளப்பின் கெட்டிக்காரத்தனம், அதை அவர் நீட்டினார் என்பது. மற்றவர்கள் குண்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஆரம்பித்தவர் பிற்பாடு ஜோர்டான் படைக்கே தளபதியாகி, 1956-இல் இளைய மன்னர் ஹுசைனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டது தனிக் கதை.

காக்ஸ் விட்டுவைத்த இரண்டு நடுநிலைப் பகுதிகளில் குவைத் பக்கத்துத் துண்டில் எண்ணெய் வந்தது. வஃப்ராவும் கஃப்ஜியும் அங்கேதான். நம் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த எண்ணெய் வயல்களில் வெல்டராக, ஃபிட்டராக, டிரைவராக உழைத்திருக்கிறார்கள். அதை இரண்டு நாடும் பிரித்துக்கொள்ள 1965-இல் ஒப்பந்தம் போட்டார்கள், எண்ணெயை மட்டும் பாதிப்பாதி என்று வைத்துக்கொண்டார்கள். ஆடு மேய்க்கிறவனுக்கு விட்டுவைத்த நிலம் என்பதை யாரும் ஞாபகப்படுத்தியதாகத் தெரியவில்லை.

புஸையாவைத் தொடர்ந்து தென் பாலைவனத்தில் எழுந்த போஸ்ட்களில் அஸ்-ஸல்மான் ஒன்று. இடையர்களைக் காக்கக் கட்டிய இடம். கிட்டத்தில் ஊர் இல்லை, தப்பி ஓடினால் தண்ணீர் இல்லை, ஆகவே சிறைக்குத் தோதான இடம் என்று பின்னால் வந்த ஈராக் அரசாங்கங்கள் கண்டுகொண்டன. மன்னராட்சி கம்யூனிஸ்டுகளை அங்கே அனுப்பியது. குடியரசு வந்தும் அனுப்பினார்கள், கவிஞர் முஸஃபர் அல்-நவ்வாப் அங்கே இருந்தவர். 1988-இல் சதாம் ஆட்சி குர்திய முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வடக்கேயிருந்து லாரியில் கொண்டுவந்து அங்கே அடைத்தது. நுக்ரத் அல்-ஸல்மான் என்றால் ஈராக்கில் இன்றைக்கும் சிறை என்றுதான் நினைப்பார்கள், க்ளப்பையோ இக்வானையோ அல்ல.